நாலாம் பாகம்

குடும்பத்தின் காவல் புனிதரான நிக்கோலாவின் நாளன்று யாரும் யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். ஸோரிட்சாவும் அப்படித்தான் வந்தாள். வாசலில் தம்பி ஓக்னியன் நீட்டிய இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல், "முடிச்சிட்டேன்டா!" என்றாள். நாற்பத்தாறு வயதில் அப்படி ஒரு பெருமை.

முடித்தது ஒரு வீடியோ கேமின் ஒரு பாகம். பன்னிரண்டு பாகம் வந்துவிட்ட தொடர். பள்ளி நாளிலிருந்தே ஓக்னியனுக்கு அதுதான் உயிர். கணவன் விட்டுப் போனபின் ஸோரிட்சா சொந்த ஊரான நோவி சாதுக்கே திரும்பி, தம்பி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தாள். சாயங்காலங்களைத் தள்ளுவதுதான் பெரும்பாடாக இருந்தது. தம்பியோடு பேச ஏதாவது வேண்டுமே என்று, எந்தப் பாகத்தில் ஆரம்பிக்கட்டும் என்று அவனையே கேட்டாள். "நாலு. முன்னாடி வந்ததெல்லாம் குப்பை, தொடாத," என்று எடுத்துக் கொடுத்தான். கட்டைவிரல் வீங்க வீங்க ஆடினாள். அதில் நாயகன் பனிமலையில் தன்னந்தனியாக அலைவான். ஒரு பெண்ணின் கல்லறை முன் மண்டியிடுவான். அவள் யாரென்று தெரியாமலே ஸோரிட்சா அழுதிருக்கிறாள்.

இறைச்சி விலக்கிய விரத நாளாதலால் மேசையில் மீனும் அவரைக்கொட்டையும்தான். ஓக்னியனின் நண்பன் கிராதிமிர் மனைவியோடு வந்திருந்தான்.

"எதுலக்கா ஆரம்பிச்சீங்க?"

"நாலுல."

"நாலுலயா? எந்தப் படுபாவி சொன்னான்? அந்தப் பொண்ணு மூணுலதானே சாகறா! கல்லறையப் பாத்துட்டு அப்புறம் என்னத்த ஆடறது?" கிராதிமிர் ஓக்னியன் முதுகில் தட்டினான். "ஐயாதான் ஊருக்கே வாத்தியார். மூணுல ஆரம்பிக்காதவன் மூஞ்சியில முழிக்க மாட்டாரு. மூணு மட்டும்தானே ரெண்டு பேர் சேர்ந்து ஆடறது? என் பொண்டாட்டிக்குச் சொல்லிக்குடுக்க குளிர்காலம் பூரா பக்கத்துல உக்காந்து ஆடினான் இவன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஸோரிட்சாவுக்குச் சுருக்கென்றது. தட்டோடு சமையலறைக்கு நழுவிய தம்பியின் பின்னாலேயே போனாள்.

"ஏன்டா நாலு?"

"விருந்தாளிங்க இருக்காங்கக்கா..."

"ஏன்டா?"

மீனைத் தட்டில் அடுக்கியபடியே சொன்னான். "மூணைக் குடுத்தா தினமும் என்னையக் கூப்பிடுவ. ஆட்டத்தப் பாதியில போட்டுட்டு விட்டுட்டுப் போன அந்தாளப் பத்தியே பேசுவ. என்னால முடியலக்கா."

பேசியிருப்பாள்தான். அது உண்மை என்பதுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. "முடியலேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா. நான் என்னவோ நீ எனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தேன்னு..." கூடப் பிறந்தவன் இவ்வளவு நாசூக்காகக் கதவைச் சாத்துவான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

கூடத்துக்குத் திரும்பியபோது கிராதிமிர் மூன்றாம் பாகத்தைப் போட்டிருந்தான். இரண்டாவது கன்ட்ரோலரை அவள் கையில் திணித்தான்.

"ஒரு பத்து நிமிஷம்க்கா, பாவம் தீரட்டும். ஓக்னியன், வாடா, ஜோடி சேரு!"

"வீட்டுக்காரன் இன்னிக்கி உக்காரக் கூடாதுடா," என்றான் ஓக்னியன், மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு. புனிதர் நாளில் விருந்தாளிகள் போகும்வரை வீட்டுக்காரன் நின்றுகொண்டேதான் பரிமாற வேண்டும். வழக்கம் அதுதான், யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் கன்ட்ரோலர் யாரும் எடுக்காமல் சோபாவில் கிடந்தது. திரையில் அந்தப் பெண் உயிரோடு நின்றாள். கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டாள். பக்கத்தில் அசையாமல் நிற்கிற நாயகனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.