ஓட்டிவிட்ட இடங்கள்

எனக்குச் சம்பளம் கொடுப்பது சினிமா பார்ப்பதற்கு. இதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு வயிற்றெரிச்சல். கொடுத்துவைத்தவள் என்பார்கள். ஒரே நாளில் இரண்டு மொக்கைப் படங்களை உட்கார்ந்து பார்த்து, எந்தப் பாட்டில் கதாநாயகி எவ்வளவு நனைகிறாள், வில்லன் எங்கெங்கே கெட்ட வார்த்தை பேசுகிறான் என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தால் தெரியும். எங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வட்டம் போடுவோம். பச்சை என்றால் குடும்பத்தோடு பார்க்கலாம். மஞ்சள் என்றால் நடுவில் பிள்ளைகளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்ப வேண்டியிருக்கும். சிவப்பு என்றால் பிள்ளைகள் தூங்கட்டும் என்று அர்த்தம். சிவப்பு வட்டத்தை மட்டும் தேடிக்கொண்டு வருகிற பெரிய மனிதர்களால்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது என்பது வேறு கதை.

எங்கள் ஆசிரியருக்கு அலுவலகத்தில் கத்திரி என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் சொல்லித்தருவது ஒன்றே ஒன்றுதான்: "அப்பாவும் பொண்ணும் ஒரே சோபாவுல உக்காந்து படம் பாக்கறாங்கன்னு நெனச்சுக்கோங்க. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் நெளிஞ்சாலும் அது பச்சை இல்ல."

சோபா என்றதும் எனக்கு அக்கா வீட்டுச் சோபாதான் நினைவுக்கு வரும். அதில் ஒன்றரை வருடமாக அப்பா இல்லை. அக்கா, அவள் மகள், சனிக்கிழமை ஆனால் நான்.

அத்தான் லாரி ஓட்டியவர். பகல் முழுக்க ஓட்டிவிட்டு வந்தவரை, இன்னொரு டிரைவர் வரவில்லை என்று மறுபடியும் வண்டியில் ஏற்றினார்கள். முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். விடிந்து வெகுநேரம் ஆன பிறகு, ஊருக்குள் வரும்போது கண் அசந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன ஒரு சிறுமி அந்த இடத்திலேயே போய்விட்டாள். அக்கா மகள் வயதுதான் அவளுக்கும். அத்தான் ஓடவில்லை, ஒளியவில்லை, ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நேராக ஜெயிலுக்குப் போனார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு, எங்களை யாருக்கும் தெரியாத ஒரு பக்கமாகக் குடிவந்தாள். மகளைப் புதுப் பள்ளியில் சேர்த்தாள். அப்பாவுக்குத் திடீரென்று கப்பலில் வேலை கிடைத்துவிட்டது, நடுக்கடலில் போன் எடுக்காது, எப்போதாவது மெசேஜ் மட்டும் வரும் என்று சொன்னாள். அத்தான் கேட்டுக்கொண்டதும் அதுதான். "அவ குரலைக் கேட்டா எல்லாத்தையும் உளறிக் கொட்டிடுவேன். வந்து நானே சொல்லிக்கறேன், அதுவரைக்கும் யாரும் சொல்ல வேணாம்" என்றாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் ஒரு லாரியையே மறைத்தோம்.

மறைத்தது யாரிடம் என்றால், வாலுவிடம். கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு இடத்தில் நிற்காததால் அத்தான் வைத்த பெயர். பன்னிரண்டு வயதில் அவள் ஒரு சினிமாப் பைத்தியம். அந்த வீட்டுக்குள் எந்தப் படம் வரலாம், எது வரக் கூடாது என்பதை அக்கா என் தலையில் கட்டினாள். ஊருக்கே வட்டம் போடுகிறவளுக்கு இது என்ன பெரிய வேலை என்று நானும் சரி சொன்னேன்.

ஜெயில், கைவிலங்கு, கோர்ட்டுக் கூண்டு வருகிற படங்களை வாசலோடு நிறுத்திவிடுவேன். அது சுலபம். விபத்தைத்தான் நிறுத்த முடியவில்லை. காதல் படமோ காமெடிப் படமோ, அடுத்து என்ன செய்வதென்று கதை முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் எழுதியவர் ஒரு லாரியைக் கொண்டுவந்து விட்டுவிடுவார். விபத்தே இல்லாத படமாகத்தான் வேண்டும் என்றால் வாலு கார்ட்டூன்தான் பார்க்க வேண்டும். அதிலும் பூனைமேல் வண்டி ஏறும். அதனால் ஒரு வழி செய்தேன். எல்லாப் படங்களையும் முன்பே பார்த்துவிடுகிறவள் என்பதால், அந்த இடம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். வருவதற்குள் ரிமோட்டை எடுத்து, "இந்த இடம் ஒரே போரு" என்று சொல்லி ஓட்டிவிடுவேன். முத்தக் காட்சியை விட்டாலும் விடுவேன், இதை விட்டதில்லை. இத்தனை கச்சிதமாக யாரால் முடியும் என்று எனக்கு உள்ளூரக் கர்வம்கூட இருந்தது.

எதற்கெடுத்தாலும் ஏன் எதற்கு என்று துளைத்தெடுக்கிற வாலு, இதைப் பற்றி மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. சமர்த்து என்று நினைத்துக்கொண்டோம்.

போன வாரம் அக்கா அலுவலகத்துக்கே போன் செய்தாள். அவருக்கு விடுதலை வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றாள். சந்தோஷமாகச் சொல்வாள் என்று பார்த்தால் அவள் குரல் நடுங்கியது.

"கப்பல் வந்துடுச்சுன்னு அன்னிக்குக் காலையில சொல்லிக்கலாம். நீ ஒரு படம் கொண்டுவா. எல்லாரும் சேந்து உக்காந்து பாக்கற மாதிரி, நல்ல படமா."

"இப்ப படம் முக்கியமாக்கா?"

"அவரா மனசத் தேத்திக்கிட்டு சொல்ற வரைக்கும், படம் ஓடுனா யாரும் எதுவும் பேச வேணாம்டி. அவரும் பேச வேணாம், நானும் பேச வேணாம்."

அத்தான் மகளிடம் உண்மையைச் சொல்லப் போகிற அந்த ஒரு நாளை எப்படியாவது நல்லபடியாகத் தாண்டிவிட வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் கவலை. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த மனிதர் பிழைக்க மாட்டார் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தேடித் தேடி ஒரு படத்தைப் பிடித்தேன். தொலைந்துபோன நாயை ஒரு குடும்பமே தேடுகிற கதை. பச்சையிலும் பச்சை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் பால் வண்டி ஒன்று சைக்கிளில் வருகிற தாத்தாவை இடிக்கும். அவரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இருந்தாலும் எதற்கு வம்பு என்று, சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டு டிவியில் அதைப் போட்டு, எங்கே ஆரம்பித்து எங்கே விட வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கடைக்குப் போயிருந்தாள். வாலு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பால் வண்டி திருப்பத்தில் தெரிந்ததும் என் கை தானாக ரிமோட்டுக்குப் போனது.

"ஓட்டாத சித்தி" என்றாள்.

"போருடி."

"போரெல்லாம் இல்ல. வண்டி இடிக்கும், அதானே?" அவள் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ ஓட்டற இடத்துல என்ன வருதுன்னு மறுநாள் ஸ்கூல்ல கேப்பேன். எல்லாப் படத்துலயும் ஒண்ணுதான். வண்டி மோதும், யாராவது சாவாங்க. வேற எதையும் நீ ஓட்டறதில்ல. எனக்குத் தெரியும் சித்தி. ரொம்ப நாளாவே தெரியும்."

எனக்கு ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம், இவ்வளவுதானா, தெரிந்துகொண்டுதான் இத்தனை நாள் சிரித்துப் பேசினாளா என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"அப்பா லாரியோட மோதிச் செத்துட்டாரு" என்றாள். "அம்மாகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாத. பாவம், அவங்களே பாத்ரூம்ல போயி உக்காந்து அப்பா மாதிரி மெசேஜ் அனுப்பறாங்க. நானும் கப்பல்ல சாப்பாடு நல்லாருக்கான்னு கேட்டு பதில் போடறேன். அழறதெல்லாம் ஸ்கூல் பாத்ரூம்லயே அழுதுடுவேன். அப்பத்தான் அம்மா தைரியமா இருப்பாங்க."

ஜெயிலை நான் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். விபத்தை மட்டும் வீட்டுக்குள் விட்டு, அவள் கண்ணெதிரில் ஓட்டினேன். ஒரு பாதியை மட்டும் பார்த்த குழந்தை வேறு எந்தக் கணக்குக்கு வந்திருக்க முடியும்? உயிரோடு இருக்கிற தகப்பனுக்காக அவள் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் தனியாக அழுது தீர்த்திருக்கிறாள். அழுத கண்ணைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவைத் தேற்றியிருக்கிறாள். என் கச்சிதத்தில் இடி விழ.

"இல்லடா, இல்லடா கண்ணு" என்று அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். "அப்பா இருக்காரு. உயிரோட இருக்காரு. சத்தியமா. நாளைக்கு வர்றாருடா."

நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் அழுவதைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். அப்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இதற்கு முன்பு எந்த முகத்திலும் பார்த்ததில்லை. சோபாவை விட்டுக் குதித்து எழுந்தாள். கதவுவரை ஓடினாள், எதற்கு ஓடினோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள். சிரித்தாள். திடீரென்று நின்றுவிட்டாள்.

"அப்போ செத்தது யாரு?"

நான் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தேன்.

"சித்தி, யாரோ செத்ததாலதானே நீ ஓட்டுன? அப்பா இல்லன்னா யாரு?"

கப்பல் பொய்யோடு இன்னொரு கப்பலைக் கட்டி ஓட்ட என்னால் முடியவில்லை. சொன்னேன். லாரி, தூக்கம், அந்தச் சிறுமி, ஜெயில், எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு வயது என்று கேட்டாள். அதையும் சொன்னேன். பக்கத்தில் உட்காரப் போனேன், எழுந்து தள்ளிப் போய்விட்டாள்.

அக்கா கடையிலிருந்து வந்து, என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பைகளைக் கீழே போட்டாள். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தியேடி! ஒரே ஒரு நாள், ஒரு நாள் பொறுக்க முடியலையா உனக்கு? அவரு வாயால சொல்லணும்னு இருந்தாரே!" என்று என் தோளில் அடித்தாள். வாங்கிக்கொண்டேன். வாலு உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அன்று முழுவதும் சாப்பிட வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று அக்கா கெஞ்சினாள். "அப்பா வேணும்னு செய்யலடி, தூங்கிட்டாருடி" என்றாள். உள்ளேயிருந்து ஒரே ஒரு பதில் வந்தது. "செத்துட்டாருன்னு நான் அழுதப்ப அவரு நல்லவரா இருந்தாரும்மா."

மறுநாள் காலையில் அத்தான் வந்தார். கையில் ஒரு துணிப்பை. பாதிக்கு மேல் நரைத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டும் உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல வாசலிலேயே நின்றார். உட்காருங்க என்றதும் சோபாவின் ஓரத்தில், இடத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதுபோல உட்கார்ந்தார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். மகளுக்குத் தெரிந்துவிட்டது என்று காதோடு சொன்னாள். தம்ளரைக் கீழே வைத்தார். நான் எதையாவது செய்ய வேண்டுமே என்று டிவியைப் போட்டேன். போட்டுவிட்டு அணைத்தேன்.

உள் அறைக் கதவு திறந்தது. வாலு வெளியே வந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பள்ளிக்குப் போகிறவள்போலத் தலையை இழுத்துப் பின்னியிருந்தாள். அத்தான் எழுந்தார். அவள் அவரிடம் ஓடிவரவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டாள்.

"அந்தப் பொண்ணு பேரென்ன?" என்று கேட்டாள்.

"உள்ள போடி!" என்று அக்கா கத்தினாள்.

அத்தான் கையைத் தூக்கி அக்காவை நிறுத்தினார். பிறகு பெயரைச் சொன்னார். தடுமாறாமல், யோசிக்காமல், தினமும் சொல்லிச் சொல்லிப் பழகியதைப்போலச் சொன்னார். ஒன்றரை வருடம் கழித்து என் அத்தான் தன் மகளிடம் பேசிய முதல் வார்த்தை இன்னொருவர் மகளின் பெயர். அதற்குமேல் அவரால் முடியவில்லை. வாலு அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். அவரிடம் வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.