தருமாவின் இரண்டாவது கண்

இந்தக் காலத்து ஆட்கள் தலை குனிகிற லட்சணத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நெற்றி மண்ணில் இருக்கும். கண் மட்டும் போட்டோக்காரனைத் தேடும்.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு நின்ற இசுருகியும் அப்படித்தான் என் வயல் வரப்பில் மண்டியிட்டார். வெள்ளைக் கையுறை, தோளில் பெயர் எழுதின பட்டை. "பெரியவரே, உங்க மதகைக் கட்டித் தர்றேன். சத்தியம்!" என்று அழுதார். என் மரமதகு உளுத்துக் கிடந்தது. அடுத்த புயலுக்கு ஆறு உள்ளே புகுந்தால் கதிர் மொத்தமும் போச்சு. நம்பவில்லை. ஆனாலும் ஓட்டை அவருக்கே போட்டேன். வேறு எவன் அந்தப் பக்கம் வந்தான்?

மறுநாள் எண்ணிக்கை. மதகை அடைக்க வைக்கோல் மூட்டைகளை வண்டியில் இழுத்துப் போனேன். வழியில், இசுருகிக்கு எங்கள் ஊரில் ஓட்டுச் சேர்த்த நுமாஜிரி, அவருடைய தேர்தல் ஆபீசுக்குள் என்னைக் கூப்பிட்டார். டெலிவிஷனில் 'வெற்றி உறுதி' என்று வந்ததும் எல்லாரும் "பன்ஸாய்!" என்று கை தூக்கினார்கள். தேர்தலுக்கு நின்ற அன்று வேண்டிக்கொண்டு ஒரு கண் மட்டும் வரைந்து வைத்த சிவப்புத் தருமா பொம்மைக்கு, இசுருகி மறு கண்ணையும் வரைந்தார். ஜெயித்த பிறகுதான் அதை வரைவது வழக்கம்.

"இன்னும் எண்ணி முடிக்கலையே," என்றேன்.

"யோவ் தோமெகிச்சி, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றார் நுமாஜிரி.

மை காயவில்லை. டெலிவிஷன்காரன் மன்னிப்புக் கேட்டான். கடலோரத்து ஓட்டெல்லாம் எதிராளி அவாசுவுக்குப் போய், அவர் ஜெயித்துவிட்டாராம். இசுருகி பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

"இப்ப இந்தக் கண்ணை என்ன செய்யப் போறே? அழிப்பியா?" என்று நுமாஜிரியைக் கேட்டேன்.

"அழிச்சா அபசகுனம்யா. உன் வண்டியில ஏத்து. அவாசு ஆபீசுக்குப் போவோம். கண்ணு வரைஞ்சே இருக்கு, அவருக்கு வேலை மிச்சம்!"

விருந்துக்கு வைத்திருந்த பெரிய மீனையும் கையோடு எடுத்துக்கொண்டார். என் வைக்கோல் மூட்டை மேல் பொம்மை முழித்துக்கொண்டு வந்தது.

அவாசு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "உங்க ஆதரவு எனக்கு மொத நாள்லேர்ந்தே தெரியும்," என்றார். நுமாஜிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, என் மதகு?" என்றேன்.

"மதகா! நல்லபடியா யோசிக்கிறேன் பெரியவரே." இடுப்பு மடிய வணங்கினார். போட்டோ எடுத்தார்கள்.

"பாத்தியா, என்னமாக் குனிஞ்சார்! மதகு வந்த மாதிரிதான்," என்றார் நுமாஜிரி.

தெற்கே வானம் கறுத்திருந்தது.

"வந்தா சொல்லு," என்று சொல்லி, மூட்டைகளை இழுத்துக்கொண்டு மதகுப் பக்கம் நடந்தேன்.