ஒருநாள் விட்டு ஒருநாள்

“ஒருத்தன் தானா கெடுறானா, அக்கம்பக்கம் சேர்ந்து கெடுக்குதா?” என்று அக்கா ஒருமுறை கேட்டாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட தங்கை, பாத்திரம் துலக்கியபடியே, “ரெண்டுந்தான்” என்றாள்.

“இதைச் சொல்ல எனக்கு இருபது வருஷம் ஆச்சுடி.”

புற்றுச் செல்லையும் அதைச் சுற்றியிருக்கும் நல்ல செல்களையும் சேர்த்து வளர்த்து, எது எதைக் கெடுக்கிறது என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை.

கடைசியில் அந்தப் புற்று அவளுக்கே வந்தது. அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துணுக்கைத் தன் ஆய்வகத்துக்கே அனுப்பச் சொன்னாள். அது தட்டில் வளர்ந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் சத்துநீர் மாற்ற வேண்டும். ஆய்வகத்தில் அதைச் ‘சாப்பாடு போடுறது’ என்பார்கள்.

“நீ ரெண்டு வாய் தின்ன மாட்டேங்கிறே. அதுக்கு மட்டும் வேளாவேளைக்கு விருந்தா?” என்பாள் தங்கை.

“எனக்குத்தான் எந்த மருந்தும் கேக்கலை. அதுக்கு எது கேக்குதுன்னு பாக்கணும். நான் போனாலும் அது இருக்கும்.”

இன்று காலை அடக்கம் முடிந்தது. எல்லோரும் போனபின் அக்காவின் மாணவி மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா வைத்த பெயர் நெட்டை. தங்கை அவளுக்குக் காப்பி கொடுத்தாள்.

“நெட்டை, அதுக்குச் சாப்பாடு போட்டியா?”

மாணவி டம்ளரையே பார்த்தாள். “விடியக்காலையில போய்ப் பாத்தேம்மா. தட்டெல்லாம் மஞ்சளா இருக்கு. எல்லாம் மிதக்குது.”

“மிதந்தா?”

“செத்துப்போச்சும்மா.”

“வேற எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?”

“கெடைச்சதே அவ்வளவுதான்.”

“உன்னை விட்டா ஆளே இல்லையா அங்க?”

“மேடம் வேற யாரையும் தொட விட்டதில்ல. நான்தான் மறந்துட்டேன். என் தப்புதாம்மா.”

அக்காவின் கடைசி ஒன்பது நாளும் ஆஸ்பத்திரியில்தான். இரண்டாம் நாளே மாணவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “ஒரு மணி நேரத்துல வந்துடுறேம்மா.” நான்காம் நாளும் எழுந்தாள். இரண்டு தடவையும் தங்கைதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “டாக்டர் சொல்றது எனக்கு ஒண்ணும் புரியாது. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?” ஆறாம் நாள் அவள் எழவில்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ மறக்கலையே” என்றாள் தங்கை.

மாணவி டம்ளரைத் தரையில் வைத்தாள். காப்பியில் ஆடை படிந்திருந்தது. எழுந்து வாசலுக்குப் போய், செருப்பின் வாரைக்கூட மாட்டாமல், படியிறங்கித் தெருவில் நடந்தாள்.