பெண்கள் பக்கத்துச் சனிக்கிழமை

வடகோடித் தீவு நாடொன்றின் மீவட்ன் ஏரிக்கரையில் நிலத்துக்கு அடியில் நெருப்பு புரண்டு படுக்கத் தொடங்கிய இரண்டாவது குளிர்காலம் அது. முதலில் மாட்டிக்கொண்டது ஆண்கள்தான். எரிமலைப் பாறைக்குள் பக்கத்துப் பக்கமாக இரண்டு குகைகள், இரண்டிலும் ஊறி நிற்கும் வெந்நீர். பெரியது ஆண்களுக்கு, சின்னது பெண்களுக்கு. வாரம் முழுக்க ஆட்டு நாற்றத்தோடு அலைகிற ஊர், சனிக்கிழமை மாலை அங்கே இறங்கித்தான் மனித வாசனைக்குத் திரும்பும். அந்த நவம்பரில் பெரிய குகைத் தண்ணீர் முட்டை வேகிற அளவுக்குச் சூடேறிவிட்டது. சின்னது மட்டும் பழைய இதத்திலேயே இருந்தது.

ஊர்ச்சபைத் தலைவன் ஸ்டெய்ன்டோர் கூட்டுறவுக் கடையில் ஆண்களைக் கூட்டினான். காபி ஆறுவதற்குள் தீர்ப்பு தயார். இனிமேல் சனிக்கிழமை சின்னக் குகை ஆண்களுக்கு, பெண்களுக்குப் புதன்கிழமை.

அதை வீட்டுக்குச் சுமந்து வந்தவன் ஹ்யால்மர். அவன் மனைவி ஸ்வாவா, எரிமலைச் சூடேறிய மண்ணில் புதைத்து வேகவைத்த கறுப்பு ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமையா? பால் வண்டி வர்ற நாள் அது. எவ குளிக்க வருவா?"

"நாள்தானே மாறுது, ஸ்வாவா. தண்ணி அதே தண்ணிதானே."

"அப்போ நீங்க போங்க புதன்கிழமை."

ஹ்யால்மர் வெண்ணெயைத் தேடினான். பதில் கிடைக்காதபோதெல்லாம் அவன் வெண்ணெயைத்தான் தேடுவான். போன வருஷம் அக்டோபரில் நாட்டிலுள்ள பெண்கள் மொத்தப் பேரும் சம உரிமை கேட்டு ஒரு நாள் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே இறங்கினார்களே, அன்றைக்குச் சாசேஜ் வேகவைக்கப் போய் அதையும் கெடுத்த மனிதன்.

சின்னக் குகை ஒன்றும் ஆண்கள் அள்ளிக் கொடுத்த தானம் இல்லை. ஸ்வாவாவின் அம்மா காலத்தில் குளிக்கக் குகை ஒன்றுதான். அது ஆண்களுடையது. பெண்களுக்கு வீட்டு வாளியே கதி. ஓர் இலையுதிர் காலத்தில், ஆடுகளைத் திரட்டிவர ஆண்கள் எல்லாரும் மலைமேட்டுக்குப் போயிருந்த வாரம், ஏழெட்டுப் பெண்கள் கடப்பாறையோடு பக்கத்துப் பாறைவெடிப்பில் இறங்கினார்கள். கை நுழையாத இடுக்கை ஆள் நுழைகிற வாயாக்கினார்கள். ஆடுகளோடு திரும்பிய ஆண்கள் சிரித்தார்கள், பாதிரியார் முகம் சுளித்தார், பெண்கள் தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

காபி எங்கே, காலுறை எங்கே என்று எவனும் கூப்பிட முடியாத இடம் ஸ்வாவாவுக்குப் பூமியில் அது ஒன்றுதான். அதைக் கொடுப்பதற்குப் பதில் வீட்டையே கொடுத்துவிடலாம் என்று இருந்தது அவளுக்கு.

அவள் தொலைபேசியைச் சுற்றித் தோழி லோவாவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் கம்பி ஒன்றே. ஒருத்தர் பேசினால் ஊரே ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளும்.

"லோவா, சனிக்கிழமை வர்றியாடி?"

"ஸ்டெய்ன்டோர் கூடாதுன்னுட்டானாமே?"

"அவன் கேட்டுக்கிட்டுதான் இருப்பான். அவன்கிட்டயே சொல்லிடறேன். டேய், நாங்க வர்றோம்!"

எங்கோ ஒரு ரிசீவர் டக்கென்று வைக்கப்பட்டது.

சனிக்கிழமை ஆண்கள் தோளில் துண்டோடு வந்தபோது ஒன்பது பெண்கள் கழுத்துவரை தண்ணீரில் இருந்தார்கள். ஸ்டெய்ன்டோரின் மனைவியும் அதில் ஒருத்தி. வெளியே பனிக்காற்று தோலை உரித்தது.

"ஸ்வாவா! நேரமாச்சு, எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினான் ஸ்டெய்ன்டோர்.

"உள்ள வாயேன், பேசிக்கலாம்."

சிரிப்பு பாறையில் மோதி வெளியே போனது. வாசலுக்குள் பாதி குனிந்திருந்தவன் சட்டென்று பின்வாங்கினான்.

"சபை முடிவு பண்ணியிருக்கு!"

"அந்தச் சபையில பொம்பளை எத்தனை பேரு?"

"எவ்வளவு நேரம் தாங்குவீங்க? அரை மணியில வெந்துபோய் நீங்களே வந்துடுவீங்க," என்றான். ஆண்கள் காத்திருந்தார்கள். உள்ளே பெண்கள் முறைவைத்துப் பாறையில் ஏறி ஆறிக்கொண்டு மறுபடி இறங்கினார்கள். வெளியே ஆறுவதற்கு ஆண்களிடம் சூடு எதுவும் மிச்சமில்லை.

தண்ணீருக்கடியில் கல்லில் வைத்திருந்த ஸ்வாவாவின் பாதம் சுட்டது. போன வாரம் அப்படிச் சுடவில்லை. நெருப்பு இந்தப் பக்கமும் வருகிறது என்று புரிந்ததும் அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

லோவா நெருங்கி வந்தாள். "உனக்கும் தெரியுதா?"

"தெரியுது."

"இன்னும் கொஞ்ச நாள்தான்டி. அப்புறம் எதுக்கு இந்தச் சண்டை?"

ஸ்வாவா எழுந்து நின்றாள். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஸ்டெய்ன்டோர்! நல்லா கேட்டுக்கோ. இந்தத் தண்ணியும் கொதிக்கப் போகுது. கிறிஸ்துமஸுக்குள்ள இதுல எவளும் இறங்க முடியாது, எவனும் இறங்க முடியாது. நெருப்பு கேட்டா நெருப்புக்குக் குடுக்கறேன். உனக்குக் குடுக்க மாட்டேன்!"

வெளியே பூட்ஸுக்கடியில் பனி நெரிபடும் ஓசை தள்ளிப் போனது. முதலில் கிளம்பியது ஹ்யால்மரின் நடைதான், அவளுக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ்வரைகூடத் தாங்கவில்லை. டிசம்பர் நடுவில் லோவா விரலை வைத்துப் பார்த்து அலறி இழுத்துக்கொண்டாள். ஆனாலும் சனிக்கிழமை தோறும் பெண்கள் போனார்கள். கம்பளிச் சட்டையைக் கழற்றாமலே ஆவிக்குள் பாறையில் உட்கார்ந்து, பிளாஸ்கில் கொண்டுவந்த காபியைக் குடித்தார்கள்.

ஜனவரியில் ஒருநாள் குகை வாசலில் ஸ்டெய்ன்டோர் ஸ்வாவாவை மறித்தான்.

"குளிக்கவே முடியாதே. உள்ள என்னதான் பண்றீங்க?"

"உட்கார்ந்திருக்கோம்," என்றாள் ஸ்வாவா. "நகரு."

அவன் நகர்ந்தான்.