பதினேழாவது கேள்வி

குவாண்டம் கணினி உலகத்தையே புரட்டிப் போடப் போகிறது என்று பேப்பரில் எழுதுகிறார்கள். புரட்டட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் புரட்டுகிறவர்களுக்கு ஒரு நிலையான வேலை கொடுக்க மட்டும் யாருக்கும் மனசு வராது. சிட்டுவும் அவள் கணவனும் ஒன்றாகப் படித்து, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி ஏழு வருஷமாயிற்று. இரண்டு வருஷ ஒப்பந்தம், பதினெட்டு மாத ஒப்பந்தம், நடுவில் ஒன்றுமில்லாமல் ஐந்து மாதம் என்று அல்லாடிக்கொண்டிருந்தார்கள். இப்போது இரண்டு பேர் ஒப்பந்தமும் முடிய நான்கே மாதம். அந்த நேரத்தில்தான் குவாண்டம் கணினி செய்யும் பிழைகளைத் திருத்துவதற்கென்றே இருந்த ஓர் ஆய்வு மையத்தில் ஐந்து வருஷ வேலை ஒன்று விழுந்தது. ஒன்றே ஒன்று.

இரண்டு பேரும் விண்ணப்பித்தார்கள். யாருக்குக் கிடைத்தாலும் மற்றவர் மூட்டை கட்டிக்கொண்டு கூடப் போக வேண்டும், அங்கே போய் வேறு ஏதாவது தேடிக்கொள்ள வேண்டும் என்று பேச்சு. யாருக்குக் கிடைத்தாலும் என்பதெல்லாம் வாய் வார்த்தைதான். அவனுக்குத்தான் கிடைக்கும் என்று அவன் நினைத்தான், அவன் அம்மா நினைத்தாள், ஏன், சிட்டுவே நினைத்தாள். அவன் தாளில் கணக்குப் போட்டே பேர் வாங்கியவன். அவள் ஆய்வுக்கூடத்தில் ஒயரோடும் குவாண்டம் சில்லை உறைய வைக்கும் குளிரூட்டியோடும் மல்லுக்கட்டியவள். மகள் பிறந்ததில் இரண்டு வருஷம் வேறு போயிருந்தது.

நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. அவளுக்கு. அவனுக்கு இல்லை.

"சந்தோஷம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவன் பாத்திரம் கழுவப் போனான். கழுவி வைத்ததையே மறுபடி எடுத்துக் கழுவினான். அதற்கப்புறம் பத்து நாள் அந்த வீட்டில் மகள்தான் பேசினாள், மற்ற இரண்டு பேரும் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நேர்காணலுக்கு முந்தின நாள் காலை, அனுப்பிய ஆய்வுத் திட்டத்தைப் படித்துக்கொண்டு போகலாமே என்று அவள் அதை மையத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிப் பார்த்தாள். முதல் பக்கத்தையே இரண்டு தடவை படித்தாள். அது அவளுடையது இல்லை. அவனுடையது.

நடந்தது இதுதான். அவர்களிடம் ஒரு பழக்கம், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து ஓரத்தில் கேள்வி எழுதுவார்கள். அவன் திட்டத்தையும் அவள் அப்படித்தான் படித்து, ஓரத்தில் கேள்வி எழுதி அவனுக்கும் ஒரு பிரதி கொடுத்தாள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் மகளுக்குக் காய்ச்சல். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் தன் விண்ணப்பத்தை அனுப்பினாள். திட்டத்தில் பெயர் இருக்கக் கூடாது என்பது மையத்தின் விதி, ஆகவே அட்டையில் பெயரும் இல்லை. ஆராய்ச்சி செய்கிற வீட்டில் எல்லாக் கோப்புக்கும் ஒரே பெயர்தான், 'ஃபைனல்'. அவனுடைய ஃபைனல் போய்விட்டது. ஓரத்துக் கேள்விகளோடு சேர்ந்தே.

துணி உலர்த்திக்கொண்டிருந்தவனிடம் போய்ச் சொன்னாள்.

"நான் அனுப்பினது உன்னோட திட்டத்தை."

அவன் கையில் பிழிந்த சட்டையோடு அப்படியே நின்றான். பிறகு மெல்ல முகம் மலர்ந்தது.

"அப்ப அவங்க கூப்பிட்டது என்னோடதைப் பார்த்துத்தான்."

"அப்படித்தான் இருக்கணும்."

"ரெண்டு பேர் விண்ணப்பத்துலயும் ஒரே திட்டம் இருக்கவும் யாரோடதுன்னு குழம்பியிருப்பாங்க. போய் உள்ளதைச் சொல்லிடு சிட்டு. என்னைக் கூப்பிட்டுடுவாங்க."

"சொல்லிடறேன்."

பத்து நாளுக்கப்புறம் அவன் சிரித்தான். சிரிக்கிறவன் மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் அவளுக்கு வலித்தது. 'ஐயோ, உனக்கு இப்படி ஆயிடுச்சே' என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம் இந்த மனுஷன்.

மறுநாள் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். அவனும் மகளும் மையத்தின் வாசலில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் உள்ளே போனாள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இயக்குநர் அம்மா, கிராப் வெட்டிய நரைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. கேள்வி கேட்பதற்கு முன்பே சிட்டு சொல்லிவிட்டாள்.

"தெரியும்மா" என்றார் இயக்குநர். "உங்க வீட்டுக்காரரோட விண்ணப்பமும் எங்ககிட்ட இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சோம். இந்த ஓரத்துல எழுதினது யாரு?"

"நான்தான்."

"முப்பத்தொம்பது கேள்வி. பதினேழாவதைப் படிங்க" என்று அந்தத் தாள்களை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் படித்தாள். 'ஒரு குவாண்டம் பிட்டை அளக்கும்போது பக்கத்துப் பிட்டும் கொஞ்சம் கலைகிறது. குளிரூட்டிக்குள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீ பிழைகள் தனித்தனியாக வரும் என்று கணக்கிட்டிருக்கிறாய். ஜோடியாக வந்தால்?'

"இதுக்கு அவர் என்ன பதில் சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

"அவர் அனுப்பின சுத்தமான பிரதியில நீங்க கேள்வி கேட்ட வரி திருத்தாம அப்படியே இருக்கு. மீதி முப்பத்தெட்டும் அப்படித்தான். அதுல பாதியைக் காதுல வாங்கியிருந்தாக்கூட அவரைக் கூப்பிட்டிருப்போம். சரி, ஜோடியா வந்தா என்ன ஆகும்? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கிறேன்."

"பலகை அங்க இருக்கு."

அவள் எழுந்து போனாள். நாற்பது நிமிஷம் எழுதினாள், அழித்தாள், ஓரிடத்தில் தப்பு செய்து தானே பிடித்தாள். கணினி தாங்கக்கூடிய பிழையின் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது என்று எழுதி அடிக்கோடிட்டபோது, ஓரமாக உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெளியே பத்து நிமிஷம் காக்க வைத்து மறுபடி கூப்பிட்டார்கள். இயக்குநர் எழுந்து கை கொடுத்தார், கேள்விகள் இருந்த தாள்களையும் அவளிடமே கொடுத்தார்.

"உங்க சொந்தத் திட்டத்தையும் அனுப்பி வைங்க. வேலையில சேர்ந்து அதையே செய்யலாம்."

அவள் வாசலுக்கு வந்தாள். மகள் பெஞ்சில் தூங்கிப் போயிருந்தாள். அவன் எழுந்து ஓடி வந்தான். தலை வாரி, சட்டையை உள்ளே விட்டுத் தயாராக இருந்தான், இன்றைக்கே கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்று.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்னை எப்ப வரச் சொன்னாங்க?"

பாவி மனுஷன், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"வரச் சொல்லலை. வேலை எனக்குத்தான். என்னோட கேள்விகளைப் பார்த்துத்தான் கூப்பிட்டாங்களாம்."

"எந்தக் கேள்வி?"

அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. அங்கேயே நின்றபடி பதினேழாவதைச் சொன்னாள். அவன் கணக்கு தெரிந்தவன், பாதியிலேயே பிடித்துக்கொண்டான். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப என் கணக்கு மொத்தமும் போச்சே."

"மொத்தமும் போகலை. பாதி. அதை நான் ஒரு மாசத்துக்கு முன்னாடியே எழுதினேனே. முப்பத்தொம்பது கேள்வி எழுதினேன். ஒண்ணுக்குக்கூட நீ ஏன் பதில் சொல்லலை?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நான் படிக்கலை சிட்டு. நீ கமா, புள்ளி ஏதாவது திருத்தியிருப்பேன்னு நினைச்சேன்."

அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் பெஞ்சில் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவனும் தள்ளி உட்கார்ந்தான்.

"எப்ப சேரணும்?" என்று கேட்டான்.

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி."

"வீடு பார்க்கணும். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் பார்க்கணும். அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்." குனிந்து மகளின் செருப்பை எடுத்து வைத்தான். "மீதி முப்பத்தெட்டையும் எனக்குச் சொல்லுவியா?"

"படி" என்றாள் சிட்டு, கையிலிருந்த தாள்களை அவனிடம் நீட்டி.