உள்ளளவு பதினெட்டு

சொரிமுத்துவுக்கு இடுப்புக்கு மேலே இடது பக்கம் ஒரு பிடி இடம் மரத்துப் போயிருந்தது. மற்ற இடமெல்லாம் வலித்தது. பாயிலிருந்து எழ வேண்டுமென்றால் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, சுவரைப் பிடித்து, கடைசியில் ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லியாக வேண்டும். விழிஞ்ஞத்தில் சென்ட்ரிங் வேலை அவனுக்கு. தூணுக்கும் உத்தரத்துக்கும் காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகையால் பெட்டி அடிப்பவன். காங்கிரீட் இறுகிய பிறகு அந்தப் பலகையைப் பிரித்துத் தோளில் ஏற்றி அடுத்த மாடிக்குச் சுமப்பவனும் அவனே. அடிப்பதில் ஒன்றுமில்லை. சுமப்பதுதான் ஆளைத் தின்றது.

"பிள்ளைத்தாச்சி மாதிரில்லா எந்திக்கீரு," என்றாள் மனைவி உலகம்மாள். "பாக்க எனக்கே இடுப்பு பிடிச்சிரும் போல."

"இன்னைக்கு என் பெட்டிய அந்தப் பொம்பள எடுத்துட்டான்னா பலக சொமக்குற சோலியே இல்ல."

"எடுக்கலேன்னா?"

"திங்கக்கிழம பழையபடி ஏறணும்."

"அப்போ போற வழில பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா எறிஞ்சிட்டுப் போரும். நல்லா ஓங்கி எறியும்."

"ஓங்குனா இடுப்பு போயிரும்ட்டி."

"அப்போ சும்மா நைசாப் போட்டுட்டுப் போரும். பிள்ளையாருக்குத் தெரியும், ஒம்ம நெலம."

கிள்ளிப்பாலத்தில் ஷிபு கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடை வைத்திருந்தான். பாட்டில் நெஞ்சை முட்டுகிற அடிச்சத்தம் இருக்கிறதே, அதற்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர் சப்வூஃபர். அதை வெறுமனே வைத்துப் பாட விட்டால் தகரத்தைத் தட்டுவது போலத்தான் கேட்கும். பெட்டிக்குள் உட்கார வைத்தால்தான் அதற்கு உயிர். பெட்டியிலும் இரண்டு ஜாதி. ஒன்று, காற்றுப் போகாமல் முழுக்க அடைத்தது. மற்றது, ஒரு பக்கம் குழாய் வைத்து ஓட்டை விட்டது. ஷிபு இதுவரை எர்ணாகுளத்திலிருந்து ரெடிமேட் ஓட்டைப் பெட்டிகளைத்தான் வரவழைத்துக்கொண்டிருந்தான். சொரிமுத்து பலகை அறுப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டு, ஒரு தாளில் அளவு எழுதிக் கொடுத்தான்: 18, 14, 12. அடைத்த பெட்டி. முக்கால் இஞ்சு பலகை. "ஷிஜாச்சேச்சிக்கு ரெண்டையும் வச்சுக் காட்டுவோம் அண்ணா. அவங்க உங்க பெட்டிய எடுத்தா, இனி கடைக்கு உள்ள பெட்டி எல்லாம் நீங்க தன்னே," என்று சொல்லியிருந்தான்.

ஷிஜா பைபாஸ் ஓரத்தில் காரை நிறுத்தி, பின்கதவைத் தூக்கி வைத்துப் பொதிச்சோறு விற்பவள். வாட்டிய வாழையிலையில் சோறும் கறியும் மீனும் வைத்து மேலே பேப்பர் சுற்றிய பொதி. அவளுக்கு எதிரே பிஜு என்பவன் இன்னொரு காரில் பிரியாணி விற்றான். அவன் காரில் பாட்டு போட்டால் ரோடே நடுங்கும். நடுங்குகிற இடத்தில்தான் வண்டிகள் நின்றன.

அன்று காலை அவள் கடைக்கு வந்தபோது சோற்றுப் பொதிகள் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கூடையில் அடுக்கியிருந்தன. சப்வூஃபரை அவளே வாங்கி வந்திருந்தாள்.

"பெட்டி எதுவானாலும் சரி, சேட்டா. பிஜு ஓடணும்," என்றாள் ஷிபுவிடம்.

"பிஜு எங்க ஓடும்? அவனும் இங்கதானே ஸ்பீக்கர் வச்சது."

"துரோகி."

கடையில் ஸ்பீக்கர் மாட்டுகிற யூசுப், களியக்காவிளைக்காரன், சொரிமுத்துவின் பெட்டியைத் தூக்கப் பார்த்தான். தரையை விட்டு அது அசையவில்லை.

"என்ன ஓய் இது, பெட்டியா பில்லரா? உள்ள கம்பி கட்டியிருக்கீரோ?"

"மூலைக்கு மூலை கட்ட குடுத்து ஆணி அடிச்சிருக்கேன். லாரி ஏறுனாலும் பிரியாது."

"லாரி ஏறாது ஓய். பாட்டுதான் ஏறும்."

இருவருமாகப் பெட்டியைக் கார் வரை கொண்டு போனார்கள். பின்பக்கத்தில் வைத்தார்கள். அதன் பக்கத்தில் சோற்றுக் கூடை உட்கார வேண்டும். உட்காரவில்லை. யூசுப் கூடையைச் சாய்த்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், முழங்காலால் தள்ளிப் பார்த்தான். பிறகு டேப்பை எடுத்துப் பெட்டியின் நீளத்தைப் பிடித்தான்.

"ஷிபு, இது பத்தொம்பதரை."

ஷிபு ஓடி வந்தான். "அண்ணா! எந்து பணியாணு இது? நான் பதினெட்டுல்லே எழுதியது?"

"பதினெட்டுதான் தம்பி." சொரிமுத்து டேப்பை வாங்கி, சப்வூஃபருக்கு வெட்டிய வட்டத் துவாரத்துக்குள் கையை விட்டு உள்சுவரிலிருந்து உள்சுவருக்குப் பிடித்துக் காட்டினான். நூல் பிசகாமல் பதினெட்டு.

"இது உள்ளளவு!"

"பின்ன? பெட்டின்னா உள்ளளவுதானே. காங்கிரீட் உள்ளதானே நிக்கும்? தூணு பதினெட்டுன்னா உள்ள பதினெட்டு. பலக எம்புட்டுத் தடின்னு எந்த இஞ்சினீயரும் கேக்க மாட்டான்."

"இதுல ஆரும் காங்கிரீட் ஊத்தப் போறதில்ல, அண்ணா!"

யூசுப் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு நிற்காமல் கீழே உட்கார்ந்துவிட்டான். ஷிஜாவும் சிரித்தாள். சொரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பதினாறு வருஷமாகப் பெட்டி அடிக்கிறான். வெளியளவு என்று ஒன்று இருக்கிறதென்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. திங்கட்கிழமை, பலகை, தோள், மாடிப்படி. எல்லாம் வரிசையாகக் கண் முன்னே ஏறிப் போயின.

"சரி, செய்தது செய்தாச்சு," என்றான் ஷிபு. "முதல்ல ரெடிமேட போடு. கேட்டுட்டுத் தீருமானிக்கலாம்."

யூசுப் சொரிமுத்துவின் பெட்டியை இறக்க வைத்து, சப்வூஃபரை ஓட்டைப் பெட்டியில் மாட்டிக் காரில் வைத்தான். கூடையும் சரியாகப் பக்கத்தில் உட்கார்ந்தது. பாட்டைப் போட்டான்.

முதல் அடியிலேயே நம்பர் பிளேட் பல்லைக் கடித்தது. பக்கத்துப் பழக்கடையில் எடை பார்த்துக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டுத் திரும்பினார். ஷிஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. பிஜு ஓடுவது அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யூசுப் சொரிமுத்துவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். சொரிமுத்து தரையைப் பார்த்தான்.

அப்போதுதான் கூடையில் மேலாக இருந்த ஒரு பொதியின் பேப்பர் படபடத்தது. பெட்டியின் குழாய் வாய் சரியாகக் கூடையைப் பார்த்து இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் குழாயிலிருந்து காற்று குப்பென்று வந்தது. அடுத்த அடியில் பேப்பர் விரிந்தது. அதற்கடுத்த அடியில் பறந்து போய் ஷிபுவின் மூக்கில் ஒட்டியது. கடை முழுக்க மத்திக் கறி வாசனை. மோர்க் கறி கட்டியிருந்த சின்னப் பையொன்று அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, முடிச்சு அவிழ்ந்து, மிச்சப் பொதிகள் மேல் ஒழுகத் தொடங்கியது.

ஷிபு பேப்பரை எடுத்துவிட்டு ஏதோ சொன்னான். ஷிஜா காதில் கை வைத்தாள். அவன் மறுபடியும் சொன்னான். வாய் மட்டும் அசைந்தது.

"நிறுத்து! நிறுத்து!" என்று ஷிஜா கத்தினாள்.

யூசுப் நிறுத்தினான்.

"எந்தா பறஞ்சது?"

"ஒரு ஊணு, மீன் வறுத்தது வேணும்னு பறஞ்சேன். பசிக்குது. இந்த வாசனைய வச்சிட்டு எப்படி நிக்க?"

ஷிஜா சிரிக்காமல் யோசித்தாள். "ரோட்ல வந்து நின்னு கேக்குறவங்க சொல்றது எனக்குக் கேக்கணும். அவியல் உண்டோ, மீன் உண்டோன்னு நூறு கேள்வி கேப்பாங்க. பிஜுவுக்குப் பிரியாணி ஒண்ணுதானே, விரலக் காட்டினா போதும்."

"பாட்டக் குறச்சு வச்சா போதும்லா," என்றான் யூசுப்.

"குறைக்கத்தானா இதெல்லாம் வாங்கியது?" என்றாள் ஷிஜா.

ரெடிமேட் இறங்கியது. கூடையும் இறங்கியது. சப்வூஃபரை மாற்றி மாட்டியதும் சொரிமுத்துவின் பெட்டி ஏறியது. ஏற்றும்போது அவன் இடுப்பில் ஏதோ சொடுக்கியது. காலையில் சொன்ன அதே கெட்ட வார்த்தையை மறுபடியும் சொன்னான். பாட்டு தொடங்கியது.

இந்த முறை பழக்கடைக்காரர் திரும்பவில்லை. ஆனால் அவர் கால் தட்டியது. சத்தம் காதுக்கு வராமல் தரை வழியாக வந்து அடிவயிற்றில் ஏறியது. அடி விழுந்தது, நின்றது. விழுந்தது, நின்றது. இழுக்கவில்லை. பாடுகிறவள் சொல்லும் வார்த்தையெல்லாம் தனித்தனியாகக் கேட்டது. ஷிபு ரோட்டோரம் போய் நின்று சாதாரணமாகவே சொன்னான்: "ஒரு ஊணு. மீன் வறுத்தது."

"மீன் தீர்ந்துபோச்சு!" என்றாள் ஷிஜா, பாட்டை நிறுத்தாமலே. கேட்டுவிட்டதென்று தெரிந்ததும் கையைத் தட்டினாள். "இது போதும். இது தன்னே மதி."

ஷிபு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பலகை துளியும் அதிரவில்லை. "நான் எழுதின அளவுல பண்ணியிருந்தா இவ்ளோ கீழ இறங்கியிருக்காது, கேட்டீங்களா," என்றான், சொல்ல மனமில்லாதவன் போல. "உள்ள காத்து கூடுதல். அதுதான்."

"அப்போ நம்ம பிழ நல்ல பிழங்கேளா?" என்றான் சொரிமுத்து.

"பிழ பிழதான் அண்ணா. அடுத்த வண்டிக்கு இதே போலச் செஞ்சா டிக்கி கதவு அடையாது. இனி நான் தாள்ல 'வெளியளவு'ன்னு பெருசா எழுதித் தரும். திங்கக்கிழம ஒன்பது மணிக்கு வாங்க."

"விழிஞ்ஞத்துக்கா?"

"இங்க! இங்க வாங்க!"

யூசுப் எழுந்து வந்து அவன் தோளில் தட்டினான். தோளில்தான் தட்டினான் என்றாலும் இடுப்பில் கேட்டது. "வாரும் ஓய். பில்லர் வேணும்னாலும் இனி நம்ம கடையிலயே கெடைக்கும்."

ஷிஜா கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் சரி. என் சோற எங்க வைக்க அண்ணா?"

சொரிமுத்து டிக்கியை எட்டிப் பார்த்தான். பெட்டிக்கு மேலே கூடை கொள்ளாது, ஆனால் தட்டு அடிக்க நல்ல இடம் இருந்தது. "மேல ரெண்டு தட்டு வச்சு ஒரு ஸ்டாண்டு அடிச்சுத் தாரேன். பொதிய அடுக்கி வச்சா பாக்கவே ஜோரா இருக்கும். அரை மணி நேர வேல." பின்கட்டுக்குப் போய்ப் பலகை தேடினான். ஷிபு கொடுத்த முழுப் பலகையில் மிஞ்சியிருந்தது உள்ளங்கை அகலத்தில் இரண்டு துண்டு. உள்ளளவுக்கு அடித்த பெட்டி மீதியைத் தின்றிருந்தது.

துண்டுகளைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தான்.

"அடுத்த பலக வரட்டும்மா. கண்டிப்பா தாரேன்."

"தரணும் அண்ணா."

பொதிகள் முன் ஸீட்டில் ஏறின. ஷிஜா கூடைக்கு ஸீட் பெல்ட் போட்டாள். கார் அடிவயிற்றில் தட்டிக்கொண்டே பைபாஸ் பக்கம் திரும்பியது.

அதன் பிறகு மூன்று லோடு பலகை வந்தது. மூன்றும் மற்ற வண்டிகளின் பெட்டிகளாகப் போய்விட்டன, எல்லாம் வெளியளவு. ஷிஜாவின் கூடை இன்னும் முன் ஸீட்டில் பெல்ட் போட்டுத்தான் பயணம் செய்கிறது. இரண்டு தட்டு வைத்த ஸ்டாண்டு ஒன்று சொரிமுத்து அவளுக்குத் தர வேண்டியிருக்கிறது.