படகுக்கு முக்கால் டன்

நாகல் நகரில் இருக்கும் அந்த ஏசி சர்வீஸ் கடைக்கு யார் போன் செய்தாலும் எடுப்பது பாஸிலாதான். எடுத்த கையோடு நாலு கேள்வி கேட்பாள். ரூம் எத்தனை அடி? மேல்மாடியா? மேற்குப் பக்கம் ஜன்னல் இருக்கா? ராத்திரி எத்தனை பேர் படுப்பீங்க? கடைசிக் கேள்விக்குச் சிலர் முறுக்கிக்கொள்வார்கள். "அது எதுக்கும்மா ஒனக்கு?" என்பார்கள். மனுஷ உடம்பும் ஒரு சின்ன அடுப்புதான், தலைக்கு இம்புட்டுச் சூடு என்று கூட்டிப் பார்த்தால்தான் எத்தனை டன் மெஷின் என்று சொல்ல முடியும் என்று அவள் அலுக்காமல் விளக்குவாள். பாலிடெக்னிக்கில் இதையே படித்த பெண். திண்டுக்கல்லில் பாதி வீடுகளின் படுக்கையறைக் கணக்கு அவளிடம் இருந்தது. அவளுடைய அறை மட்டும் கொச்சியில் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது, அதைக் குளிர வைக்க இரண்டு வருஷமாக அவளால் முடியவில்லை.

அவள் கணவன் ஃபாரிஸ், முன்பு இங்கே ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் இருந்தவன். அந்த வேலை தெரிந்தவனுக்குக் கொச்சிப் படகுப் பட்டறையில் சம்பளம் அதிகம் என்று யாரோ சொல்ல, நிக்காஹ் முடிந்த நாற்பத்தோராம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரருடைய பாய்மரப் படகைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் சேர்ந்து கிடைத்தது. சின்னப் படகு, இருபத்துநாலு அடி. அவர் வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். மற்ற நாளெல்லாம் படகைத் துடைத்து வைத்து, அதன் கேபினிலேயே படுத்துக்கொள்ளலாம். வாடகை மிச்சம்.

அந்த வருஷ ஏப்ரலிலேயே பாஸிலா ஆசையாகப் புறப்பட்டுப் போனாள். கேபினில் நிமிர்ந்து நிற்க முடியாது. தலைக்கு மேல் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு மூடி, அதைத் திறந்தால் வெயில், மூடினால் புழுக்கம். இரண்டாம் நாள் மத்தியானம் அவள் மயங்கி விழுந்தாள். ஃபாரிஸ் பதறிப்போனான். முகத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, கை மாற்றி மாற்றி விடியும்வரை விசிறினான். அதை நான் மறைக்கக் கூடாது. அன்றைக்கு அவன் விசிறியது உண்மை, அவன் கண்ணில் தண்ணீர் நின்றதும் உண்மை.

மறுநாள் பஸ் ஏற்றும்போது சொன்னான். "இந்தச் சூட்டுல ஒன்ன வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? நீதான் ஏசிக்குப் படிச்சவ. கேபின் சூட்டுக்கு ஒரு வழி பண்ணு. மறுநாளே வந்து கூட்டிக்கிட்டு வாரேன்."

கணவனோடு குடும்பம் நடத்த வேண்டுமானால் ஒரு படகைக் குளிர வைக்க வேண்டும். உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் யாரும் போட்டிருக்க மாட்டார்கள் இப்படி ஒரு நிபந்தனை. பாஸிலாவுக்கு அது நிபந்தனையாகவே தோன்றவில்லை. தொழில் தெரிந்தவளிடம் ஒரு வேலை வந்திருக்கிறது, முடித்துக் கொடுத்தால் போயிற்று என்று நினைத்தாள்.

படகுக்கென்றே விற்கிற ஏசியின் விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை அப்படியே மூடினாள். செலவில்லாத வழியிலிருந்து ஆரம்பித்தாள். பாய் கட்டும் குறுக்குக் கட்டையின் மேல் வெள்ளைத் தார்ப்பாயைக் கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டச் சொன்னாள். கேபின் கூரைக்கு உள்பக்கம் நுரை ஷீட் ஒட்டச் சொன்னாள். செய்தான். பகலில் பரவாயில்லை, ராத்திரி புழுங்குகிறது என்றான். ஐஸ் பெட்டிக்கு மேல் பேட்டரி ஃபேன் பொருத்தும் விதத்தைப் படம் வரைந்து அனுப்பினாள். ஐஸ் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது என்றான்.

"ஏன் பாஸி, நம்ம வீட்டுல ஓடுதே ஏர் கூலர், அதுல ஒண்ண வாங்கி அனுப்புனா என்ன?" என்று கேட்டாள் அம்மா சர்புன்னிசா.

"அது இங்கதாம்மா ஓடும். நம்மூரு காத்துக்குத் தாகம், தண்ணியக் காட்டுனா குடிச்சுட்டுக் குளுந்துபோகும். கொச்சிக் காத்து ஏற்கனவே வயிறு முட்டக் குடிச்சுட்டு நிக்குது. ராத்திரியில நூத்துக்கு எம்பது, தொண்ணூறு ஈரம். அதுல கூலரப் போட்டா துணிமணியெல்லாம் பூஞ்சை புடிச்சிரும். ஏசிதான் ஈரத்தப் புழிஞ்சு வெளிய தள்ளும்."

அப்படியானால் ஏசியேதான் என்று முடிவுக்கு வந்தாள். படகில் ஒரு ஓட்டைகூடப் போட முதலாளி விடமாட்டார் என்றான் ஃபாரிஸ். ஓட்டையே வேண்டாம், மெஷின் மேல்தளத்திலேயே உட்காரட்டும், மூடியைத் திறந்து அதன் வழியாகக் குளிர்காற்றை இறக்கலாம் என்றாள். கரையிலிருந்து வருகிற கரண்டு ஆறு ஆம்பியர்தான் என்றான். நாலுக்குள் ஓடுகிற மெஷின் பார்க்கிறேன் என்றாள். உப்புக்காற்றில் மெஷினின் செம்புச் சுருள் அரித்துவிடும் என்றான். பூச்சு அடித்துத் தருகிறேன், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்றாள். அவன் ஒரு காரணம் சொல்வான், இவள் ஒரு வழி சொல்வாள். புருஷனுக்கு வீட்டு நினைப்பு இருப்பதால்தான் இவ்வளவு யோசிக்கிறான் என்று அவளுக்குச் சந்தோஷம்கூட.

கடையின் மூத்த மெக்கானிக் உடையப்பன் பழைய ஜன்னல் ஏசி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். முக்கால் டன். "தாயி, குடிக்கிற தண்ணியே லாரியில வர்ற ஊருல ஒக்காந்துக்கிட்டு நாம படகுக்கு ஏசி செய்யுறோம். வெளிய சொல்லிராத, சிரிப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே ப்ளைவுட்டில் பெட்டி அடித்தார். பெட்டியின் அடியில் இரண்டு வாய். ஒன்றில் குளிர்காற்று இறங்கும், இன்னொன்றில் சூடான காற்று ஏறும். பாஸிலா கணக்குத் தாளில் கேபின் அளவை எழுதினாள், வெயில் விழும் பரப்பை எழுதினாள். எத்தனை பேர் என்ற கட்டத்தில் 2 என்று எழுதிவிட்டுச் செத்த நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வீட்டுக்கு எழுதிய எண்தான். அன்றைக்குத்தான் அது அவளுடையதாக இருந்தது.

பெட்டியைச் சோதிக்கத் திண்டுக்கல்லில் படகுக்கு எங்கே போவது? குஜிலியம்பாறை ரோட்டில் ஒரு குடோன் வாசலில் பெரிய ஃபைபர் தொட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. ஃபாரிஸின் பழைய பட்டறையில் செய்த தொட்டி. வெட்டவெளியில் வெந்துகொண்டிருந்த அதன் வாயில் பெட்டியைத் தூக்கி வைத்து ஒயர் இழுத்தார்கள். பாஸிலா உள்ளே இறங்கி, உள்ளங்கை அகல மீட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சூட்டையும் காற்றின் ஈரத்தையும் காட்டும் மீட்டர். ஆகக் கூடியது, ஆகக் குறைந்தது இரண்டையும் ஞாபகம் வைத்துக் கீழே சின்ன எண்ணில் காட்டும். முக்கால் மணி நேரத்தில் சூடு இருபத்துமூன்றுக்கு வந்துவிட்டது.

வெளியே இருந்து உடையப்பன் தொட்டியைத் தட்டினார். "தாயி, உசுரோட இருக்கியா?"

"குளுருதுண்ணே!" என்று கத்தினாள். கத்தியவள் தொட்டிக்குள் தனியாக உட்கார்ந்து, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

ஒரே மாதிரி மீட்டர் இரண்டு வாங்கியிருந்தாள். ஒரு வாரம் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு பழைய எண்கள் அழியும்படி பேட்டரியைக் கழற்றி ஒன்றைக் கூரியரில் கொச்சிக்கு அனுப்பினாள். பேட்டரியைப் போட்டு மாட்டுங்கள், பத்து நாள் தலைமாட்டிலேயே தொங்கட்டும், எடுக்கக் கூடாது, அப்புறம் போட்டோ எடுத்து அனுப்புங்கள், கடைசியாக ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பெட்டியைப் பார்சலில் போட்டுவிட்டு நானும் வந்துவிடுகிறேன் என்று எழுதினாள். வெள்ளிக்கிழமை பயணம் என்று நாளும் குறித்தாயிற்று. சர்புன்னிசா மகளுக்காக ஊறுகாய் ஜாடியெல்லாம் கட்டி வைத்துவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் போட்டோ வந்தது. முப்பத்தொன்பது டிகிரி. கூடவே அவன் எழுதியிருந்தான்: "பாத்தியா சூட்ட. ஒன் பெட்டி இதுக்குப் பத்துமா? இன்னும் ஒரு வருசம் பொறுத்துப் பாப்போமா?"

தாராளமாகப் பத்தும் என்று எழுதப் போனவள், பழக்கதோஷத்தில் போட்டோவைப் பெரிதாக்கிக் கீழே இருந்த சின்ன எண்களைப் பார்த்தாள். ஆகக் குறைந்த சூடு இருபத்துமூன்று. ஆகக் குறைந்த ஈரம் நாற்பத்தாறு.

மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தாள். அதன் ஜோடி மேசையில் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. மே மாதத்துக் கொச்சியில், தண்ணீர் மேல் மிதக்கிற கேபினில், எந்த ராத்திரியிலும் சூடு இருபத்துமூன்றுக்கு இறங்காது, ஈரம் நாற்பத்தாறுக்கு வறளாது. கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காக ஏசி ஓடினால்தான் காற்று அப்படிக் காயும். தொட்டிக்குள் அவள் பார்த்ததும் கிட்டத்தட்ட அதே எண்கள். திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்த ஃபாரிஸுக்கு நாற்பத்தாறு சாதாரண எண்ணாகத்தான் தெரிந்திருக்கும். அவன் அதைப் பார்த்தானோ என்னவோ. மேலே பெரிதாக இருந்த முப்பத்தொன்பதுக்காக மீட்டரை எடுத்துப்போய் வெயிலில் காட்டியதோடு அவன் வேலை முடிந்துவிட்டது.

"மீட்டர எங்க மாட்டியிருந்தீங்க?" என்று அனுப்பினாள்.

"நீ சொன்ன மாதிரி தலைமாட்டுலதான். எடுக்கவே இல்ல" என்று உடனே பதில் வந்தது.

உடையப்பன் சாப்பிடப் போயிருந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. கயிறு போட்டுக் கட்டிய ப்ளைவுட் பெட்டி வாசலோரம் இருந்தது, சாயந்திரம் பார்சல் ஆபீஸ் போக வேண்டியது. பாஸிலா கடை போனை எடுத்துக் கூப்பிட்டாள்.

"என்ன பாஸி, கடை நம்பர்ல இருந்து?"

"ரூம் எத்தனை அடி மச்சான்?"

"கேபினா? அதான் அப்பவே அளந்து அனுப்புனேனே."

"கேபின் இல்ல. ராத்திரி நீங்க படுக்குற ரூம்."

"என்ன ஒளறுற?"

"ஈரம் நாப்பத்தாறுக்கு வந்திருக்கு. படகுல அம்புட்டுக் காஞ்ச காத்து வராது மச்சான். அது ஏசி ஓடுற ரூம். எத்தனை அடி?"

 படகுத்துறை ஆபீஸில் படுத்திருந்தேன் என்று அவன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாஸிலா அதை நம்பியிருப்பாள். நம்புவதற்குத் தயாராகத்தான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாகக் காரணம் காரணமாகச் சொன்ன மனுஷனுக்கு, வேண்டிய நேரத்தில் ஒரு காரணம் வரவில்லை.

"பத்துக்குப் பன்னெண்டு" என்றான்.

"மேல்மாடியா?"

"ம்."

"மேற்குப் பக்கம் ஜன்னல் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு." அவன் கெஞ்சினான். "பாஸி, வேணாம், போதும்."

மிச்சம் இருந்தது நாலாவது கேள்வி. ஆறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பாள், ஒருநாளும் நாக்குக் கூசியதில்லை.

"ராத்திரி எத்தனை பேர் படுப்பீங்க?"

அவன் சொன்னான். "ரெண்டு பேரு."

பிறகு என்னென்னவோ சொன்னான். ஒரு வருஷமாச்சு என்றான். நீ வழி கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றான். அந்தப் பெண் நல்ல பெண் என்று அதையும் சொன்னான். பாஸிலா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கை மட்டும், பழகிய கை, தாளில் எழுதிக் கூட்டியது. 

"அதுக்கு ஒரு டன் வேணும்" என்றாள். "முக்கால் டன் பத்தாது." போனை வைத்துவிட்டாள்.

உடையப்பன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பெட்டியின் கயிற்றை இழுத்துப் பார்த்தார். "நாலு மணிக்கு வண்டி தாயி. ஏத்திரலாமா?"

"வேணாம்ணே. பிரிச்சிருங்க."

"ஏன், அளவு எதுவும் தப்பாப் போச்சா?"

"இல்லண்ணே. எல்லா அளவும் சரியா இருந்துச்சு" என்றாள். அதற்கு மேல் தாங்கவில்லை. மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். உடையப்பன் ஒன்றும் புரியாமல், கயிற்றைப் பிடித்தபடி பெட்டி பக்கத்திலேயே நின்றார்.

போன் அடித்தது. விட்டுவிடு என்று அவர் கை காட்டினார். அவள் பார்க்கவில்லை, எடுத்துவிட்டாள். சித்தையன்கோட்டையிலிருந்து ஒருவர், புதுசாகக் கல்யாணமான மகனுக்கு ரூமில் ஏசி மாட்ட வேண்டுமாம். பாஸிலா முகத்தைத் துடைத்துக்கொண்டு எத்தனை அடி என்று கேட்டாள். மேல்மாடியா என்று கேட்டாள். மேற்குப் பக்கம் ஜன்னல் இருக்கா என்று கேட்டாள். அப்புறம் அவளுக்கு வாய் எழும்பவில்லை. "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கியாம்மா?" என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டே இருந்தார். உடையப்பன் வந்து அவள் கையிலிருந்து போனை வாங்கி, மிச்சத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.